பின்னாடி வர்ற சார்

குனிந்து செருப்பை மாட்டிய வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பில் யாரோ ஆணி அடித்து இறக்கிய மாதிரி இருந்தது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாதி மடக்கிய ஏணியாக வாசலில் நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "என்னத்தைத் தேடறீங்க?"

"ஒண்ணும் தேடல. இடுப்பு பிடிச்சிருச்சு. என்னைக் கொஞ்சம் நிமித்து."

"மூட்டை தூக்கறவங்களுக்கு வர்ற வலி இது. நாற்காலி தேய்க்கறவருக்கு எப்படி வந்துச்சு?"

வாத்தியாரின் அப்பா சரக்குக் கிட்டங்கியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். ஒருநாளும் வலி என்று வாய் திறந்ததில்லை. திறந்தால் மறுநாள் வேலை கிடையாது. மகன் படித்து, தொழிற்கல்லூரியில் இயந்திரப் பாடம் நடத்துகிறார். வலிக்கிறது என்று சொன்னால் நாற்காலிக்கு ஒரு தலையணை கிடைக்கும். அந்த அளவுக்குக் குடும்பம் முன்னேறியிருந்தது.

அன்று மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. மூன்று மணிக்கு அவர் சலவை ஆலையில் இருந்தாக வேண்டும்.

கல்லூரியில் அந்த வருஷம் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. மாணவர்கள் செய்யும் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் வெளியே ஒரு தொழிற்கூடம் கூட்டாளியாக இருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் மாதம் ஒரு முறை அங்கே நேரில் போய்க் கூட்டம் நடத்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டுவந்து மாணவர்களிடம் சொல்ல வேண்டும். வாத்தியாரிடம் மூன்று மாணவர்கள் இருந்தார்கள். ஒரு நெட்டைப் பையன், வாயே திறக்காத இன்னொருவன், அவனுக்கும் சேர்த்துக் கேள்வி கேட்கும் ஒரு பெண். ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் ஆலைக்கு ஒரு தள்ளுவண்டி செய்கிறார்கள். வண்டியின் அடித்தட்டுக்குக் கீழே ஸ்பிரிங். ஈர விரிப்பைப் போடப் போடத் தட்டு இறங்கும், எடுக்க எடுக்க ஏறும். வேலை செய்கிற பெண்கள் குனிய வேண்டாம்.

ஆலையின் சூப்பர்வைசர் அம்மா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கல்லூரிக்கு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எங்க பொண்ணுங்க ஒரு நாளைக்கு நானூறு தடவை குனியறாங்க சார். அதுல பாதி குறைஞ்சாலும் போதும். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

"ஒரு தடவை என்னம்மா, மாசா மாசம் வருவேன்" என்றார் வாத்தியார். அப்போது அவருக்கு இடுப்பு நன்றாக இருந்தது.

இடுப்பைப் பிடித்தபடி அவர் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. ஆலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்பது ஊரறிந்த விஷயம். போகவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கூட்டக் குறிப்பைக் கொடுத்தாக வேண்டுமே.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. துறைத்தலைவரின் முத்திரை, அலுவலகப் பெண்மணியின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் மூன்றரைக்குப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் மூன்று மணிக் கூட்டத்தின் குறிப்பைப் பன்னிரண்டு மணிக்கே எழுதி, முத்திரை வாங்கிவிட்டு, பிறகுதான் கூட்டத்துக்குப் போவார்கள். என்ன பேசப்போகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு அதில் சிரமம் ஏதுமில்லை.

வாத்தியார் எழுதினார். 'வண்டியின் கைப்பிடியை நான்கு அங்குலம் தாழ்த்துமாறு சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டார். தேநீருக்குப் பின் கூட்டம் இனிதே நிறைவுற்றது.'

முத்திரை விழுந்தது. குறிப்பைக் கையில் எடுத்துப் படித்தபோது, கூட்டம் முடிந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. முடிந்துபோன கூட்டத்துக்கு எதற்குப் பஸ் ஏறுவது?

ஒரு மணிக்குப் பட்டறையில் மாணவர்களைப் பார்த்தார். "சூப்பர்வைசர் அம்மா கைப்பிடியை நாலு அங்குலம் இறக்கச் சொல்லிட்டாங்க."

கேள்வி கேட்கும் பெண் நிமிர்ந்தாள். "கூட்டம் மூணு மணிக்குத்தானே சார்?"

"போன்லயே பேசி முடிச்சாச்சு."

"எங்கேருந்து நாலு அங்குலம் சார்? தரையிலிருந்தா, தட்டுலேருந்தா? நாங்க வேணா நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். அவங்க வேலை நேரத்துல போய்த் தொந்தரவு பண்ணாதீங்க. சொன்னதைச் செய்யுங்க."

பிறகு ஆசிரியர் அறையில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டார். வலி குறைந்தது.

அடுத்த மாதம் இடுப்பு சரியாகியிருந்தது. போயிருக்கலாம். ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'சென்ற கூட்டத்தின் முடிவு மீது எடுத்த நடவடிக்கை.' அந்த அம்மா சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டு, அவர் முகத்திலேயே போய் எப்படி விழிப்பது? 'கைப்பிடி நான்கு அங்குலம் தாழ்த்தப்பட்டது' என்று எழுதிவிட்டு, பட்டறைக்குப் போய் அளந்து பார்த்தார். ஆறு அங்குலம் இறங்கியிருந்தது.

"நாலுதானே சொன்னேன்? ஆறு எப்படி வந்துச்சு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டைப் பையன் தலையைச் சொறிந்தான். "ஆறுதான் சார் சரியா வருது."

"யாருக்குச் சரியா வருது? உன் உயரத்துக்கா?"

வாத்தியார் திரும்பிப் போய்க் குறிப்பில் நாலை ஆறாக்கினார். ஒரு பொய்யைத் திருத்தி எழுதும்போது மனசுக்குக் கொஞ்சம் நேர்மையாகவே இருந்தது.

அந்த மாதம் 'ஈரத் தரையில் சக்கரம் வழுக்குவதாக' எழுதினார். அதற்கடுத்த மாதம் 'வண்டிக்கு நீல வண்ணம் பூசினால் நலம்' என்றார். மற்ற ஆசிரியர்களின் குறிப்புகள் எல்லாம் 'ஆலோசிக்கப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று முடிந்துவிடும். இவருடையதில் ஒரு மனுஷி நடமாடினாள். கேட்டாள், மறுத்தாள், ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். துறைத்தலைவர் ஆசிரியர் கூட்டத்தில் அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

"பாருங்கய்யா, இப்படி எழுதணும்! மனுஷன் மாசா மாசம் போய் நிக்கறாரு, அந்த அம்மாவோட மூச்சுக்காத்து வரைக்கும் பேப்பர்ல இருக்கு."

கைதட்டினார்கள். வாத்தியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வணக்கம் சொன்னார். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு உண்மையைச் சொல்லும் வழி அடைபட்டுப் போனது.

ஆறாவது மாதம் ஒன்றும் தோன்றவில்லை. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். 'வண்டியில் ஒரு மணி பொருத்துவது பற்றிப் பேசப்பட்டது' என்று எழுதிவிட்டார்.

"மணியா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா, மணி. கேள்வி கேக்காத."

அவள் கேட்கவில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை வீட்டுக்கு வந்தும் அவரை விடவில்லை.

இன்னொன்றும் அவரை உறுத்தியது. ஒவ்வொரு மாதமும் கடைசி வியாழன் மத்தியானம் மூவரும் பட்டறையில் இருப்பதில்லை. தான் கூட்டத்துக்குப் போயிருப்பதாக நினைத்து ஊர் சுற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினார். ஒரு தடவை நிற்க வைத்துத் திட்டினார். "ஆசிரியர் இல்லேன்னா பட்டறையும் இல்லையா உங்களுக்கு? கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?" மூன்று பேரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். வாயே திறக்காத பையன் மட்டும் ஏதோ சொல்ல வந்தான். அந்தப் பெண் அவன் காலை மிதித்தாள்.

கடைசி இரண்டு மாதம் வண்டியும் கண்ணில் படவில்லை. கேட்டால், "பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்கோம் சார்" என்றார்கள்.

ஒன்பதாவது மாதம், செவ்வாய்க்கிழமை, துறைத்தலைவர் வாத்தியாரின் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டால் வேலை வருகிறது என்று அர்த்தம்.

"ஆய்வுக் குழுவிலேருந்து ஒரு அம்மா வர்றாங்க. எல்லாக் கூட்டத்தோட மினிட்ஸையும் படிச்சாங்களாம். உங்களோடதைப் படிச்சிட்டு, இந்த வியாழக்கிழமை கூட்டத்தை நேர்லயே பாக்கணும்னு சொல்லிட்டாங்க. மூணு மணி, அந்த லாண்டிரியில. கார் சொல்லியாச்சு."

வாத்தியார் மெல்லத் தோளை விடுவித்துக்கொண்டார். "இங்கயே... காலேஜ்லயே வெச்சுக்கலாமே சார்?"

"ஏன்யா? எட்டுத் தடவை போன இடம்தானே? ஒண்ணு சொல்லிடறேன், அந்த அம்மா பொல்லாதவங்க. போன வருஷம் வேற ஒரு காலேஜ்ல மினிட்ஸ் பொய்னு கண்டுபிடிச்சு ப்ராஜெக்டையே செல்லாதுன்னுட்டாங்க. வாத்தியாருக்கு ஒரு மெமோ, அதோட சரி. பசங்கதான் பாவம், ஒரு வருஷம் திரும்பப் படிச்சாங்க."

அன்று இரவு வாத்தியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மெமோ பற்றிக் கவலையில்லை, மெமோ என்பது ஒரு காகிதம். ஆனால் நெட்டைப் பையனுக்கு வேலை உறுதியாகியிருந்தது, படிப்பு முடிந்தால் சேர வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் வீட்டில் இன்னொரு வருஷம் படிக்க விட மாட்டார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மணி பொருத்தச் சொன்னார்.

"உடம்பு சரியில்லேன்னு படுத்துடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வலிச்சப்ப ஒரு தடவை போகல, சரி. வலிக்காதப்ப ஏழு தடவை போகல. இப்ப வலிக்குதுன்னு சொன்னா அந்த இடுப்பே நம்பாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரித் துணி துவைக்கற இடத்துக்குப் போயிட்டு வந்தா சட்டையில ஒரு வாடையாவது வரணும்ல? மாசா மாசம் சாக்பீஸ் வாடைதான் வருது." அவள் தட்டை எடுத்தாள். "அந்தப் பிள்ளைங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க."

அதை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. அதற்குப் பதில் புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, எட்டு மாதத்தில் முதல் முறையாக ஆலைக்குப் போனார். சூப்பர்வைசர் அம்மாவின் காலில் விழுந்தாவது ஒத்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.

வாசலில், கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஒரு வாட்ச்மேன் தடிமனான நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சூப்பர்வைசர் அம்மாவைப் பாக்கணும்."

"புதன்கிழமை அவங்களுக்கு லீவு. நீங்க யாரு?"

இன்று வந்ததாகப் பெயர் பதிவானால் நாளை சிக்கல். வாத்தியார் சட்டென்று, "துணி... துணி துவைக்கப் போடலாம்னு வந்தேன்" என்றார்.

வாட்ச்மேன் அவருடைய வெறுங்கையைப் பார்த்தார். "எங்க துணி?"

"முதல்ல விசாரிச்சிட்டு அப்புறம் எடுத்துட்டு வரலாம்னு..."

"இங்க ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான். உங்க வேட்டி சட்டையை இங்க போட்டா, ஆபரேஷன் பண்ற டாக்டரு அதைக் கட்டிக்கிட்டுப் போயிடுவாரு."

வாத்தியார் திரும்பி நடந்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கார் வாசலில் நின்றது. ஆய்வுக் குழு அம்மா முன்னால் இறங்கினார். கையில் எட்டுக் குறிப்புகளும் கிளிப் போட்ட கற்றையாக இருந்தன. துறைத்தலைவர் அவர் பின்னால். வாத்தியார் கடைசியாக, இடுப்பைப் பிடித்தபடி, துறைத்தலைவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இறங்கினார்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "சார், நேத்து துணி போட வந்தீங்கல்ல?"

"நான் இல்ல. வேற யாரோ."

"இதே இடுப்புதான் சார். இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

"நேரமாச்சு, நேரமாச்சு" என்று துறைத்தலைவர் திறந்திருந்த பக்கத்தில் தனக்கும் ஆய்வுக் குழு அம்மாவுக்கும் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே நீராவி புகைமூட்டமாக நின்றது. நான்கு பெரிய டிரம்கள் சுற்றும் சத்தத்தில் பேச்சு காதுக்கு எட்டவில்லை. தரை முழுக்க ஈரம். மருந்தும் சோப்பும் கலந்த வாடை கண்ணைக் கரித்தது. ஒரு டிரம் நின்றதும் இரண்டு பெண்கள் அதன் வாய்க்குள் தலையை விட்டு, முறுக்கிக் கிடந்த ஈர விரிப்பைப் பிடுங்கி இழுத்தார்கள். ஆளுயர மூட்டை. வாத்தியார் அப்பாவை நினைத்துக்கொண்டார்.

விரிப்பு விழுந்த இடத்தில் நீல வண்டி நின்றது. தட்டு மெல்ல இறங்கியது. மேசைப் பக்கம் தள்ளிப்போய் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தட்டு ஏறியது. யாரும் குனியவில்லை. மூன்று மாணவர்களும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியாரின் கண் கைப்பிடியில் நின்றது. இரண்டு இடத்தில் நீலம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஆய்வுக்காக நேற்றுத்தான் கொண்டுவந்து வைத்திருப்பார்கள், ஒரு நாளில் இப்படித் தேயுமா என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் ஆய்வுக் குழு அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"எத்தனை கூட்டம் நடந்திருக்கு?"

சூப்பர்வைசர் அம்மா ஈரக் கையை முன்றானையில் துடைத்தார். "எட்டு. கடைசி வியாழக்கிழமை, மூணு மணி. ஒரு மாசம் தவறினதில்ல."

வாத்தியார் சூப்பர்வைசர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கைப்பிடியை இறக்கச் சொன்னது யாரு?"

"நான்தாங்க. நாலுன்னு ஆரம்பிச்சுது, ஆறுல வந்து நின்னுச்சு. எங்க பொண்ணுங்க குட்டைங்க."

"நீல பெயின்ட்?"

"வெள்ளை விரிப்பு வெள்ளை வண்டியில கிடந்தா பாதி அடியிலயே தங்கிடுது. நீலத்துல பளிச்சுனு தெரியுது."

ஆய்வுக் குழு அம்மா ஒரு தாளைப் புரட்டிக் கண்ணாடியை ஏற்றினார். "சரி, இந்த மணி எதுக்கு?"

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"புகையைப் பாருங்கம்மா. வண்டி வர்றதே தெரியாது. முன்னாடி ரெண்டு பேருக்குக் கால்ல ஏறியிருக்கு. இப்ப மணியடிச்சா ஒதுங்கிக்கறாங்க." சூப்பர்வைசர் அம்மா வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தார். "யாருக்குத் தோணுச்சோ, நல்லாத் தோணியிருக்கு."

"எல்லாத்துலயும் தேநீர்னு எழுதியிருக்கே?"

"வந்த பிள்ளைங்களை வெறும் வாயோடவா அனுப்புவோம்?"

ஆய்வுக் குழு அம்மா குறிப்புகளை மூடினார். "முப்பது காலேஜ் பாத்துட்டேன். நடந்த கூட்டம்னா இதுதான்" என்று கையெழுத்துப் போட்டார். ப்ராஜெக்ட் தேறியது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெட்டைப் பையன் மணியை அடித்தான்.

எல்லோரும் வாசலுக்கு நகர்ந்ததும் வாத்தியார் சூப்பர்வைசர் அம்மாவிடம் போனார். கைகூப்பினார். "எனக்காக இவ்வளவு பொய் சொன்னீங்களே அம்மா. நான் எப்படி..."

"பொய்யா? நான் எங்க சார் பொய் சொன்னேன்?" என்றார் அந்த அம்மா. மூன்றாவது டிரம் நின்றது. அவர் போய்விட்டார்.

வாத்தியார் வாசலுக்கு வந்தபோது கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மறித்தார். "கையெழுத்துப் போடாம உள்ள போயிட்டீங்க. போட்டுட்டுப் போங்க."

"எங்க போடணும்?"

"காலேஜ்காரங்களுக்கு நோட்டுல தனிப் பக்கம் இருக்கு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்கதான் அந்த சாரா?"

"எந்த சார்?"

"பின்னாடி வர்ற சார். அந்த மூணு பிள்ளைங்களும் மாசா மாசம் வரும்போது, 'எங்க சார் பின்னாடி வர்றாரு, அவருக்கு ஒரு வரி விட்டு வைங்க'ன்னு சொல்லும். நாலாவது வரியை விட்டு வைப்பேன். இருட்டற வரைக்கும் பாப்பேன்."

நோட்டைத் திருப்பி வைத்தார். எட்டு வியாழக்கிழமைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பேரின் கையெழுத்து, வந்த நேரம் மூன்று மணி. நான்கு என்று எண் போட்டு, அதன் எதிரே ஒன்றுமில்லை. எட்டிலும் அப்படித்தான். ஒரு தேதி அவருக்கு நினைவிருந்தது. அதற்கு மறுநாள்தான் மூவரையும் நிற்க வைத்துப் பொறுப்பில்லை என்று திட்டியிருந்தார்.

கார் மறுபடி ஹாரன் அடித்தது. வாத்தியார் பேனாவைத் திறந்தார். கை தானாக முதல் மாதத்தின் நான்காவது வரிக்குப் போனது.

வாட்ச்மேன் தன் உள்ளங்கையை அந்த வரியின் மேல் வைத்து மறைத்தார்.

"இன்னிக்கு வந்ததுக்கு இன்னிக்குத் தேதியில போடுங்க சார். அந்த எட்டும் நீங்க பிள்ளைங்களுக்குப் பாக்கி."